காகிதத்தில் மட்டும் இருக்கும் ரிசர்வ்

அமெரிக்காவில் விமான விபத்துகளை விசாரிப்பது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். அங்கே சுருக்கமாக என்டிஎஸ்பி. 2017 ஆகஸ்டில் அது சிறு விமான ஓட்டிகளுக்கு ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வெளியிட்டது. வரிசை எண் 67. விஷயம் ஒண்ணுதான்: நடுவானில் எரிபொருள் தீர்ந்து, இஞ்சின் நின்று, கிடைத்த இடத்தில் இறங்க வேண்டி வருவது. சொந்தமாகவோ வாடகைக்கோ எடுத்து ஓட்டும் ரெண்டு சீட்டு, நாலு சீட்டு விமானங்கள்தான் இதில் அதிகம் மாட்டுகின்றன. குறிப்பு சின்னது. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் படித்து முடிக்கலாம்.

ஒரு அரசாங்க எச்சரிக்கையை எதற்கு உட்கார்ந்து விமர்சனம் செய்யணும் என்று கேட்கலாம். அதில் உள்ள தகவல்களில் எனக்குச் சண்டை இல்லை. அவை அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில்தான் சண்டை. படித்து முடிப்பவர் "கவனமா இருந்தா போதும், எனக்கு இது நடக்காது" என்ற நிம்மதியோடு எழுந்து போகிறார். எரிபொருள் தீர்ந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் புறப்படும்போது அதே நிம்மதியோடுதான் இருந்திருப்பார்கள்.

எண்கள் சொல்வது

முதலில் குறிப்பில் நல்லது என்ன என்று பார்த்துவிடலாம். 2011 முதல் 2015 வரை எடுத்துக்கொண்டால், எரிபொருளைக் கையாண்ட விதத்தால் வருஷத்துக்குச் சராசரியாக 50-க்கும் மேல் விபத்துகள். ஏர்லைனும் ராணுவமும் தவிர்த்த மற்ற பறத்தலில் விபத்துக் காரணங்களின் வரிசையில் இதற்கு ஆறாவது இடம்.

இதை ரெண்டாகப் பிரிக்கிறார்கள். 56% எரிபொருளே தீர்ந்துபோன சம்பவங்கள். இன்னொரு 35% விசித்திரமானவை. விமானத்தில் எரிபொருள் இருக்கிறது, இஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை. இடது இறக்கையின் டேங்க் காலி, வலது இறக்கையில் பாதி டேங்க் நிற்கிறது, நடுவில் இருக்கும் வால்வைத் திருப்பவில்லை. ஆங்கிலத்தில் இதற்குப் 'பட்டினி' என்றே பெயர். பொருத்தமான சொல். சமையலறையில் சோறு இருக்க, திண்ணையில் ஒருத்தன் பசியில் மயங்கி விழுகிற மாதிரி.

ஏன் ரெண்டு டேங்கையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக் கூடாது? செஸ்னா 172 மாதிரி இறக்கை மேலே இருக்கும் விமானத்தில் வைக்கலாம். எரிபொருள் தானாகக் கீழே இறங்கிவரும், வால்வில் 'இரண்டும்' என்றொரு நிலை உண்டு. பைப்பர் செரோக்கி மாதிரி இறக்கை கீழே இருக்கும் விமானத்தில் பம்ப் வைத்து உறிஞ்சணும். ரெண்டையும் திறந்து வைத்து ஒண்ணு காலியானால் பம்ப் காற்றை உறிஞ்சிவிடும். அதனால் இடது, வலது என்று மாற்றி மாற்றித் திருப்புவது ஓட்டுபவரின் வேலை. மறந்தால் பட்டினி. ஒரு இன விமானத்தை ஓட்டிப் பழகியவர் அடுத்த இனத்தில் ஏறும்போது கைப்பழக்கம் அவரை ஏமாற்றும். குறிப்பு 'உங்கள் விமானத்தின் எரிபொருள் அமைப்பைத் தெரிந்து வைத்திருங்கள்' என்கிற தொனியில் ஒரு அறிவுரையோடு இதைக் கடந்துவிடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் படம் போட்டுக் காட்டியிருந்தால் அறிவுரையே வேண்டாம்.

அடுத்த எண்தான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைப்பது. இந்த விபத்துகளில் சிக்கியவர்களில் பயிற்சி மாணவர்கள் வெறும் 2%. வணிக உரிமமோ அதற்கும் மேலான ஏர்லைன் உரிமமோ வைத்திருந்தவர்கள் 48%. கத்துக்குட்டிகளின் தப்பு என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பு இங்கே காலி.

ஆனால் இதற்குக் குறிப்பு தரும் விளக்கத்தைப் பாருங்க: மெத்தனம், தன் திறமையை அதிகமாக எடைபோடுவது. இருக்கலாம். அதைவிடச் சாதாரணமான விளக்கம் ஒண்ணும் இருக்கிறது. மாணவர் பெரும்பாலும் பறப்பது விமான நிலையத்தைச் சுற்றிச் சுற்றி, ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ, ஆசிரியரின் கண்காணிப்பில். டேங்க் வற்றும் அளவுக்கு அவர் பறப்பதே அபூர்வம். நாலு மணி நேரம் நேர்கோட்டில் போகிறவர்கள் உரிமம் வாங்கியவர்கள்தான். எந்தப் பிரிவினர் மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தார்கள், அதில் நீண்ட பயணம் எவ்வளவு என்ற கணக்கு இல்லாமல் 2-ஐயும் 48-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'மெத்தனம்' என்று தீர்ப்பு எழுத முடியாது. லாரி ஓட்டுநர்களுக்கு நெடுஞ்சாலையில் அதிகம் பங்க்சர் ஆகிறது, எனவே அவர்கள் அலட்சியக்காரர்கள் என்று சொல்வதற்குச் சமம் அது.

95 சதவீதத்தில் ஒளிந்திருப்பது

குறிப்பின் மையமான எண் 95. இத்தனை சதவீத விசாரணைகளில் மனிதர் சம்பந்தப்பட்ட காரணம் கண்டறியப்பட்டது என்கிறது. எரிபொருள் அமைப்பில் ஏதோ பழுதானது 5 சதவீதத்துக்கும் குறைவு.

இப்படிப் பிரிக்கும்போது 'கருவி' பக்கம் போக ஒரு பொருள் உடைந்தாகணும். உடையாமல், ஆனால் மோசமாக வடிவமைக்கப்பட்டு, படிக்க முடியாத இடத்தில் இருந்தால் அது எந்தப் பக்கம்? பெரும்பாலும் மனிதர் பக்கம்தான். திருப்ப வேண்டிய வால்வைத் திருப்பாதவர் மனிதர்தானே. அதை எட்டாத இடத்தில் பொருத்தியவரும் மனிதர்தான், ஆனால் பட்டியலில் அவர் தனியாகத் தெரிவதில்லை. 'மனிதர்' என்ற ஒரு சொல் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் உட்கார்ந்திருக்கும் ஆளையே கண்முன் நிறுத்துகிறது.

இதே வாரியம் இதைவிட நன்றாக எழுதியிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. அதற்குக் கொஞ்சம் பின்னால் போகணும்.

டென்வர் அறிக்கை

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவில் மான்டரே விரிகுடா ஓரமாகப் பறந்துகொண்டிருந்தபோது கடலில் விழுந்து இறந்தார். ஓட்டியது லாங்-ஈஸி என்ற ரெண்டு சீட்டு விமானம். பர்ட் ரூட்டன் வடிவமைத்தது. வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆர்வலர்கள் வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் ரகம். டென்வர் அதை வேறொருவர் கட்டிய நிலையில் அப்போதுதான் வாங்கியிருந்தார். அவர் புதியவர் அல்ல, 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம் இருந்தது.

ரூட்டனின் வரைபடத்தில் எரிபொருள் வால்வு ஓட்டுபவரின் முன்பக்கம், கைக்கு எட்டும் இடத்தில். இந்த விமானத்தைக் கட்டியவர் எரிபொருள் குழாய் காக்பிட்டுக்குள் வர வேண்டாம் என்று நினைத்து, வால்வை ஓட்டுபவரின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். காரணம் நியாயமானதுதான், தீப்பற்றும் பயம். விளைவு: டேங்க் மாற்றணும் என்றால் உடம்பை முழுக்கத் திருப்பி, வலது கையால் இடது தோளுக்கு மேல் எட்டிப் பிடிக்கணும். பிடியில் எந்த நிலை எந்த டேங்க் என்ற குறியீடு இல்லை. எரிபொருள் எவ்வளவு என்று காட்டும் கண்ணாடி அளவிகளும் முதுகுக்குப் பின்னால், அவற்றிலும் அளவுக்குறி இல்லை.

புறப்படும் முன் உதவிய மெக்கானிக்கும் டென்வரும் வால்வைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். பிடி எட்டவில்லை என்று அதில் ஒரு இடுக்கியை மாட்டி நீட்டிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பின்னால் இருக்கும் அளவியைப் பார்க்க மெக்கானிக் ஒரு சின்னக் கண்ணாடி கொடுத்தார். எரிபொருள் நிரப்பிக்கொள்ளலாமே என்ற பேச்சு வந்தபோது, ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றார் டென்வர். மாலை 5.12-க்கு மேலே எழும்பிய விமானம் 5.28 வாக்கில் கடலில் இருந்தது.

வாரியத்தின் முடிவு: இஞ்சினுக்கு எரிபொருள் வருவது நின்றது, டென்வர் வால்வை எட்டித் திரும்பினார், அப்போது தெரியாமல் வலது ரடர் பெடலை மிதித்தார், தாழ்வான உயரத்தில் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. திரும்பி எட்டும்போது காலை எங்கேயாவது ஊன்றத்தானே தோன்றும். ஊன்றக் கிடைத்தது பெடல்.

காரணம் என்று எழுதிய பத்தியில் டென்வர் எரிபொருள் நிரப்பாததையும் சரியாகத் திட்டமிடாததையும் வாரியம் விட்டுவிடவில்லை. ஆனால் அங்கேயே நிற்கவும் இல்லை. குறியீடு இல்லாத வால்வை எட்டாத இடத்தில் வைத்த கட்டுமான முடிவு, அளவுக்குறி இல்லாத அளவிகள், புது விமானத்துக்கு மாறும்போது போதாத பயிற்சி எல்லாவற்றையும் பங்களித்த காரணிகளாக அதே பத்தியில் சேர்த்தது.

இதைப் படித்தவருக்கு மறுநாள் செய்ய வேலை இருக்கிறது. தன் வால்வு எங்கே இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு எட்ட முடிகிறதா, எட்டும்போது கால் எங்கே போகிறது என்று தரையிலேயே உட்கார்ந்து சோதிக்கலாம். வீட்டில் விமானம் கட்டுகிறவர் வால்வை இடம் மாற்றும் முன் யோசிப்பார். இப்போது இதே விபத்தை 2017 குறிப்பின் கணக்கில் போட்டால் எங்கே விழும்? எந்தப் பாகமும் பழுதாகவில்லை. 95% பக்கம். இடுக்கி, கண்ணாடி, இடது தோள் எல்லாம் மறைந்து 'மனிதர்' என்ற ஒரு சொல் மிஞ்சும்.

ரிசர்வ் எங்கே இருக்கிறது?

அடுத்தது குறிப்பின் அறிவுரைகள். கேஜை மட்டும் நம்பாதே, டேங்கைத் திறந்து பார், ரிசர்வ் வைத்துக்கொள், இழுத்துப் பிடித்துப் போகாதே, இறங்கி நிரப்பு. எல்லாம் சரி. ஆனால் 'ரிசர்வ்' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திக் கேட்கணும்.

பழைய பஜாஜ் சேத்தக் ஓட்டியவர்களுக்கு ரிசர்வ் என்றால் என்ன என்று கால் முட்டிக்குத் தெரியும். வண்டி இருமி நிற்கும், சீட்டுக்குக் கீழே இருக்கும் குழாயை ரிசர்வுக்குத் திருப்புவோம், மறுபடி ஓடும். அந்த ரிசர்வ் டேங்குக்குள் நிஜமாக இருந்தது. ஒரு குழாயின் வாய் உயரமாகவும் இன்னொண்ணு அடியிலும் இருக்கும், அவ்வளவுதான் நுட்பம். ஓட்டுபவர் எவ்வளவு மறதிக்காரராக இருந்தாலும் பெட்ரோல் பங்க் தேட அது நேரம் கொடுத்தது.

செஸ்னா 172-இல் அப்படி ஒரு குழாய் கிடையாது. அமெரிக்க விதிப்படி, கண்பார்வையை நம்பிப் பறப்பவர் பகலில் 30 நிமிஷம், இரவில் 45 நிமிஷம் கூடுதலாகப் பறக்கப் போதுமான எரிபொருளோடு புறப்படணும். காற்றையும் வானிலை முன்னறிவிப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, சாதாரண வேகத்தில். கவனிக்க வேண்டிய சொல் 'புறப்படணும்'. இறங்கும்போது அந்த 30 நிமிஷம் மிச்சம் இருக்கணும் என்று அந்த விதி கேட்கவில்லை. ரிசர்வ் இருப்பது திட்டம் போட்ட காகிதத்தில்.

காகிதம் எப்படிக் கரையும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய 172 ஒன்றில் பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 40 கேலன். மணிக்கு 8 கேலன் செலவாகும் என்று எடுத்தால் 5 மணி நேரம். தரை வேகம் 105 நாட் என்று வைத்து, 4 மணி 15 நிமிஷப் பயணம், அதாவது சுமார் 446 நாட்டிகல் மைல். மிச்சம் 45 நிமிஷம். விதி கேட்பதைவிட அதிகம், பொறுப்பான திட்டம்.

இப்போது எரிபொருள்–காற்றுக் கலவையை உயரத்துக்கு ஏற்றபடி சரியாக மெலிதாக்கவில்லை, செலவு மணிக்கு 9 கேலன். 4 மணி 26 நிமிஷத்தில் தீரும். பரவாயில்லை, 11 நிமிஷம் மிச்சத்தோடு இறங்கிவிடலாம். அல்லது செலவு சரியாக 8, எதிர்க்காற்று மட்டும் நினைத்ததைவிட 10 நாட் அதிகம். பயணம் 4 மணி 42 நிமிஷம் ஆகும். அதுவும் பரவாயில்லை, 18 நிமிஷம் மிச்சம். ரெண்டும் ஒரே நாளில் நடந்தால்? 4.26-க்கு டேங்க் காலி, போய்ச் சேர வேண்டியது 4.42-க்கு. சுமார் 15 நிமிஷம், 24 நாட்டிகல் மைல் குறைகிறது. இந்த விமானம் இஞ்சின் இல்லாமல் 3,000 அடியிலிருந்து சறுக்கினால் காற்று இல்லாத நாளில் நாலரை நாட்டிகல் மைல் போகும். ஆக, எதிரே கிடைக்கும் வயல்தான் ஓடுதளம்.

இதில் யார் மெத்தனமாக இருந்தது? எந்தத் தப்பும் தனியாகப் பெரிசில்லை. இதைவிட முக்கியமானது, முதல் ரெண்டு நாட்களில் நடந்தது. 11 நிமிஷ எரிபொருளோடு இறங்கியவரை யாரும் கேட்க மாட்டார்கள், எங்கும் பதிவாகாது. அவருக்கும் பெரும்பாலும் தெரியாது. பத்திரமாக இறங்கியதால் தன் கணக்கு சரி என்று அவருக்கு உறுதியாகிறது. அனுபவசாலிகள் இதில் மாட்டுவதற்கு மெத்தனத்தைவிட இது நல்ல விளக்கம் என்று நினைக்கிறேன். கணக்கு தப்பினாலும் தண்டனை இல்லாத நாட்கள் அவர்களிடம் நிறையச் சேர்ந்திருக்கின்றன.

ஏர்லைன்களில் இந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். சர்வதேச நடைமுறையில், இறங்கும்போது கடைசி ரிசர்வைவிடக் குறைவாக இருக்கும் என்று கணக்கில் தெரிந்தாலே 'மேடே ஃப்யூயல்' என்று அவசரநிலை அறிவிக்கணும். அங்கே ரிசர்வைத் தொடுவதே ஒரு சம்பவம். சிறு விமான ஓட்டிகளின் சங்கமான ஏஓபிஏ-வின் பாதுகாப்புப் பிரிவும் ஒரு மணி நேர எரிபொருளாவது மிச்சம் இருக்கும்படி இறங்குங்கள் என்றுதான் சொல்கிறது. புறப்படும்போது எவ்வளவு என்பதிலிருந்து இறங்கும்போது எவ்வளவு என்பதற்குக் கேள்வி நகர்ந்துவிடுகிறது. வாரியத்தின் குறிப்பு இந்த இடத்தை அழுத்தியிருக்கணும்.

கேஜ் பற்றிய ஒரு கட்டுக்கதை

'சிறு விமானத்தின் எரிபொருள் கேஜ் காலியாக இருக்கும்போது மட்டும் சரியாகக் காட்டினால் போதும், சட்டமே அப்படித்தான்' என்று ஓட்டிகளிடையே ஒரு பேச்சு உண்டு. இது விதியைத் தப்பாகப் படித்ததால் வந்தது. விதி சொன்னது: பயன்படுத்த முடியாத அடிமண்டி எரிபொருள் மட்டும் மிஞ்சும்போது கேஜ் பூஜ்யம் காட்டணும். பூஜ்யம் எங்கே தொடங்கணும் என்பதற்கான விளக்கம் அது. ஒவ்வொரு டேங்கிலும் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கேஜ் இருக்கணும் என்பது தனி விதி.

'கேஜை மட்டும் நம்பாதே' என்ற அறிவுரை இந்தக் கட்டுக்கதையோடு சேரும்போது ஆபத்தாகிறது. முள் பழசு, மிதவை ஆடும், சந்தேகப்படுவது நியாயம்தான். ஆனால் அந்தச் சந்தேகம் ஒருபக்கமாகவே வேலை செய்கிறது. கடிகாரக் கணக்குப்படி ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, முள் கால் டேங்குக்குக் கீழே. ஊர் பக்கம் வந்தாச்சு, இன்னும் கொஞ்ச தூரம்தான். 'இந்த கேஜ் எப்பவும் இப்படித்தான்' என்று வாய் தானாகச் சொல்லும். அடைப்பு மூடி சரியாக மூடாமல் இறக்கைக்கு மேலே எரிபொருள் கசிந்து போய்க்கொண்டிருந்தால் அதைச் சொல்லக்கூடியது அந்த முள் ஒண்ணுதான். கடிகாரத்துக்குக் கசிவு தெரியாது. குறிப்பு ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்கலாம்: கேஜும் கடிகாரமும் முரண்பட்டால், எது குறைவாகச் சொல்கிறதோ அதை நம்பு.

கடைசி மூணு நிமிஷம்

செய்திகள் இதைச் சொல்லும் விதமும் உதவவில்லை. நெடுஞ்சாலையில் கார்களுக்கு நடுவே சின்ன விமானம் இறங்கிய வீடியோ வரும். 'விமானியின் சாமர்த்தியம், அனைவரும் உயிர் தப்பினர்.' சாமர்த்தியம் நிஜம்தான். இஞ்சின் நின்றதும் மூக்கைத் தாழ்த்தி, 172 என்றால் 65 நாட் வேகத்தைப் பிடித்து, மின்கம்பி இல்லாத இடம் தேடி, திரும்ப ஆசைப்படாமல் நேரே இறக்குவதற்கு நிதானம் வேணும். உரிமத் தேர்விலேயே தேர்வாளர் திடீரென்று இஞ்சின் வேகத்தைக் குறைத்து 'இப்போ என்ன செய்வாய்?' என்று கேட்பார். அதனால் இந்த மூணு நிமிஷத்துக்கு எல்லோரும் ஓரளவு தயார்.

அதற்கு நாற்பது நிமிஷம் முன்னால் ஒரு விமான நிலையத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள். அங்கே இறங்கி நிரப்பியிருந்தால் அரை மணி நேரம் தாமதம், வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு, அவ்வளவுதான். அந்த நிமிஷத்துக்கு வீடியோ கிடையாது, தேர்வும் கிடையாது. காகிதத்தில் நேர்த்தியாகத் திட்டம் போடுகிறவரா என்று தேர்வாளர் பார்க்கலாம். களைத்துப்போய் வீட்டுக்குக் கிட்டே வந்தவர், தன் கணக்கு தப்பு என்று ஒத்துக்கொள்வாரா என்பதைப் பார்க்க வழியில்லை.

எச்சரிக்கைக் குறிப்பு பேச வேண்டியது அந்த நாற்பது நிமிஷத்தைப் பற்றி. நான் எழுதியிருந்தால் 95 என்ற எண்ணைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு இப்படித் தொடங்குவேன்: எந்த நேரத்துக்குள் தரையில் இருக்கணும் என்று புறப்படும் முன் எழுதி, கண்ணெதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். இறங்கிய பிறகு ஒவ்வொரு முறையும் டேங்கை நிரப்பி, எத்தனை கேலன் பிடித்தது என்பதை உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். ரெண்டு கேலன் அதிகம் பிடித்தால் அதைப் பத்திரமாக வந்து சேர்ந்த பயணமாக எண்ணாதீர்கள், ஒரு எச்சரிக்கையாகக் குறித்து வையுங்கள்.

இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். பம்ப் ரசீது ஒண்ணு, பேனா ஒண்ணு போதும். ஓட்டுபவரைத் திட்டுவதைவிட அவர் கணக்கை அவருக்கே திருப்பிக் காட்டுவது பயனுள்ளது. 1999 ஜனவரியில் டென்வர் அறிக்கையை முடித்தபோது வாரியத்துக்கு இது தெரிந்திருந்தது. 2017-இல் எண்களைத் தொகுக்கும் அவசரத்தில் அதைக் கீழே விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.